ரீஃபர் பெட்டி குளிர வைக்காது

கப்பலில் காய் அனுப்புகிறேன் என்றதும் எங்கள் பக்கத்து விவசாயிகள் கேட்கிற முதல் கேள்வி, “அத்தனை நாள்ல அழுகிடாதுங்களா?” என்பதுதான். அழுகாது. பக்குவமாகப் பிடுங்கி, கழுவி, தண்ணீர் வடிய விட்டு, 0 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்த கேரட் மாதக்கணக்கில் தாங்கும். கொச்சியிலிருந்து துபாயின் ஜெபல் அலி துறைமுகத்துக்கு ஒரு வாரம். கொழும்பிலோ வேறெங்கோ பெட்டி கப்பல் மாறிப் போனால் இரண்டு வாரம் ஆகலாம். அந்தக் கணக்கெல்லாம் கேரட்டுக்கு ஒன்றுமே இல்லை. நான் பார்த்த வரைக்கும் சரக்கு கெடுவது நீலகிரியில் இருக்கிற கேத்தி பாலாடாவுக்கும் கொச்சிக்கும் நடுவில். கப்பலில் ஏறிய பிறகு அது பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டது என்றே நினைப்பேன்.

மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக் ஹவுஸில், அதாவது காயைத் தரம் பிரித்து அட்டைப்பெட்டியில் அடைக்கிற இடத்தில், ஏற்றுமதி லோடு பார்ப்பது என் வேலை. ஊர் கேத்தி. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், டர்னிப், நூல்கோல் என்று மலைக்காய்கள்தான் எங்கள் சரக்கு. வளைகுடாவுக்குத்தான் அதிகம் போகிறது, கொஞ்சம் மாலத்தீவுக்கு. விமானத்தில் போட்டால் ஒரே நாளில் சேரும், ஆனால் கேரட் மாதிரி கனமான, கிலோவுக்கு விலை குறைந்த காய்க்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது. கறிவேப்பிலையும் மல்லிகைப்பூவும் பறக்கட்டும், கேரட் மிதந்துதான் போகவேண்டும்.

புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்று. குளிர்ப்பெட்டி, அதாவது ரீஃபர் கன்டெய்னர், சரக்கைக் குளிர வைப்பதற்காகச் செய்ததில்லை. குளிர்ந்து வந்த சரக்கை அதே குளிரில் வைத்திருக்கத்தான் செய்திருக்கிறார்கள். ஃபிளாஸ்க்கில் ஆறிப்போன டீயை ஊற்றி மூடினால் சூடாகுமா? அந்தக் கதைதான். பெட்டியின் மெஷினுக்கு ஓரளவு குளிரூட்டும் சக்தி உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 25 டன் கேரட் 26 டிகிரி உட்சூட்டோடு உள்ளே போனால் அதை இறக்க மெஷினுக்கு நாள்கணக்கில் ஆகும். நடுவில் இருக்கிற அட்டைப்பெட்டிகளுக்குக் குளிர் போய்ச் சேர்வதற்குள் கேரட் தன் பங்குக்கு மூச்சுவிட்டுச் சூட்டைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். பிடுங்கிய காயும் உயிருள்ளதுதான். சூடு கூடக் கூட மூச்சு வேகமாகும், மூச்சு வேகமானால் இன்னும் சூடு.

சென்னை மெரினாவில் விவேகானந்தர் இல்லம் என்று இப்போது நாம் சொல்கிற கட்டடம் 19ஆம் நூற்றாண்டில் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் உறைந்த ஏரிகளில் அறுத்த ஐஸ் கட்டியை மரத்தூள் பொதிந்து கப்பலில் கொண்டுவந்து அங்கேதான் சேமித்தார்கள். மெஷின் இல்லை, கரண்ட் இல்லை, மாதக்கணக்கான பயணம். ஏறும்போது குளிராக இருந்தது, சுற்றிலும் காப்பு இருந்தது, அதனால் வந்து சேர்ந்தது. பேக் ஹவுஸுக்குப் புதுப் பையன்கள் வந்தால் இதைத்தான் சொல்வேன்.

மலையில் நமக்கு இயற்கை கொடுத்திருக்கிற சலுகை இங்கேதான் இருக்கிறது. பாலாடாவில் கேரட் பிடுங்குகிற கூட்டம் இரவிலேயே தோட்டத்தில் இறங்கிவிடும். தலையில் லைட் கட்டிக்கொண்டு வரிசையாகக் குந்திப் பிடுங்கி, அங்கேயே தழையைத் திருகிப் போட்டு மூட்டை கட்டுவார்கள். விடியலுக்கு முன் கழுவுகிற மெஷினுக்கு வந்துவிடும். காலை மண்டிக்கு மேட்டுப்பாளையம் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக வந்த வழக்கம் இது, ஏற்றுமதிக்காக யாரும் யோசித்துச் செய்யவில்லை. ஆனால் ஏற்றுமதிக்கு இதைவிட நல்ல வழக்கம் கிடையாது. தை மாதத்து இரவில் பிடுங்கிய கேரட்டின் நடுவில் தெர்மாமீட்டர் ஊசியைக் குத்திப் பார்த்தால் 10, 11 டிகிரி காட்டும். அதே தோட்டத்தில் பகல் பதினொரு மணிக்குப் பிடுங்கினால் 20-ஐத் தாண்டும். அந்த வித்தியாசத்தைப் பிறகு கோல்டு ஸ்டோரேஜில் கரண்ட் பில்லாகக் கட்டுவது நாம்தான்.

அந்த ஊசித் தெர்மாமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றின் சூட்டைக் காட்டும் சுவர் மீட்டரை வைத்துக்கொண்டு “ரூம் 1 டிகிரியில இருக்குங்க சார்” என்று சொல்கிறவர்களை நம்பவேண்டாம். ரூம் 1 டிகிரியில் இருக்கும், அட்டைப்பெட்டிக்குள் இருக்கிற கேரட் 9 டிகிரியில் இருக்கும். காயைக் குத்திப் பார்ப்பது ஒன்றுதான் வழி. அடுக்கின் நடுவில் இருக்கிற பெட்டியை இழுத்து, அதன் அடியில் இருக்கிற காயைக் குத்தவேண்டும். மேலாக இருக்கிறதைக் குத்தினால் நமக்குப் பிடித்த எண்தான் வரும்.

கழுவுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. டிரம் மெஷினில் போட்டுப் பளபளவென்று எடுத்தால்தான் மண்டியில் விலை என்று ரொம்ப நேரம் சுற்ற விடுவார்கள். உள்ளூருக்குச் சரி, மூன்றாம் நாள் சாம்பாருக்குப் போய்விடும். கப்பலுக்குப் போகிற கேரட்டில் மேல்தோல் உரிந்திருந்தால் அந்த இடம் காய்ந்து வெள்ளை பூத்துவிடும்; அங்கே பெட்டியைத் திறக்கிறவர் பழைய சரக்கு என்று முகம் சுளிப்பார். அதனால் எங்கள் சரக்குக்கு மட்டும் மெஷின்காரரிடம் சொல்லிச் சீக்கிரம் எடுத்துவிடுவோம். கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். கழுவியதும் தண்ணீர் வடியாமல் பையில் போட்டால் அடுத்த வினை: கொழகொழவென்று ஆகிற அழுகல், ஒரு காயில் தொடங்கினால் பக்கத்தில் இருக்கிறதெல்லாம் போகும். கிளைவிட்டது, வெடித்தது, முனை ஒடிந்தது எதையும் சேர்க்கக்கூடாது. ஒடிந்த முனைதான் அழுகலுக்கு வாசல்.

பிறகு மலையிறக்கம். பெரிய கன்டெய்னர் வண்டி மேலே வர வழியில்லை. குன்னூர் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவு. நாற்பதடி டிரெய்லரை அதில் திருப்ப முடியாது. ஆகவே சரக்கு சின்ன வண்டியில் இறங்கி, கீழேதான் பெட்டியில் ஏறவேண்டும். கேத்தி ஏறக்குறைய 2000 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பியவன் கல்லாறு வருவதற்குள் கழற்றிவிடுவான் இல்லையா, கேரட்டால் அது முடியாது. பங்குனி சித்திரையில் தார்ப்பாய் மூடிய லாரி பர்லியாறு பக்கம் டிராபிக்கில் ஒரு மணி நேரம் நின்றால், இரவெல்லாம் சேர்த்து வைத்த குளிர் முழுக்கக் கரைந்துவிடும். சீசனில், மலர்க் கண்காட்சி சமயத்தில், சனி ஞாயிறு லோடு இறக்குவதையே நாங்கள் விட்டுவிட்டோம். ஐப்பசி கார்த்திகையில் வேறு கஷ்டம்: மண் சரிந்து ரோடு அடைபடும், கோத்தகிரி வழியாகச் சுற்றிவர வேண்டியிருக்கும். கப்பல் கட்-ஆஃபுக்கு (துறைமுகத்தில் பெட்டியை ஒப்படைக்கிற கடைசி நேரத்துக்கு) ஒரு நாள் முன்னதாகச் சரக்கு கீழே இருக்கிற மாதிரி அந்த மாதங்களில் திட்டம் போடுவோம்.

கீழே வந்ததும் நேரே பெட்டியில் ஏற்றக்கூடாது. பிரீ-கூலிங் ரூமில் வைத்து, காற்றை அட்டைப்பெட்டித் துளைகள் வழியாக இழுத்து, உட்சூட்டை 1, 2 டிகிரிக்கு இறக்கவேண்டும். சாதாரணக் கோல்டு ஸ்டோரேஜ் ரூமில் வெறுமனே அடுக்கி வைத்தாலும் ஒருநாள் இறங்கும்தான், ஆனால் ரொம்ப மெதுவாக. இந்த ஒரு கட்டத்தில் காசு மிச்சம் பிடிக்க நினைக்கிற ஏற்றுமதியாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். “பெட்டிதான் குளிர் பெட்டியாச்சே, அதுலயே ஆறிக்கும்” என்பார்கள். துபாயிலிருந்து போட்டோ வந்த பிறகு கப்பல் கம்பெனியைத் திட்டுவார்கள்.

பெட்டி வந்ததும் பார்க்கவேண்டியவை. முதலில் பி.டி.ஐ. ஸ்டிக்கர்: வெளியே விடும் முன் மெஷினைச் சோதித்தார்கள் என்பதற்கான அடையாளம், தேதி சமீபத்தியதா என்று பார்க்கவேண்டும். கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா, உள்ளே முன்பு போன சரக்கின் நாற்றம் இருக்கிறதா, தரையில் தண்ணீர் வெளியேறும் துளைகள் அடைத்திருக்கிறதா. மீன் போன பெட்டி என்று மூக்கிலேயே தெரியும். தயங்காமல் திருப்பி அனுப்பவேண்டும். அன்றைக்குச் சண்டை வரும், பரவாயில்லை.

ஏற்றுவதில் காற்றோட்டம் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ரீஃபர் பெட்டியின் தரை சமமாக இருக்காது. டி-பார் என்று நீளவாட்டில் அலுமினியக் கம்பிகள் ஓடும். குளிர்ந்த காற்று மெஷின் பக்கத்திலிருந்து இந்தக் கம்பிகளின் சந்துகளில் கதவு வரைக்கும் ஓடி, கீழிருந்து சரக்கின் ஊடாக மேலே ஏறி, கூரைக்கும் சரக்குக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி வழியாகத் திரும்பி மெஷினுக்குப் போகும். அந்த இடைவெளிக்காகத்தான் சுவரில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு மேல் ஒரு அட்டைப்பெட்டிகூட வைக்கக்கூடாது. “இன்னும் நாப்பது பெட்டி பிடிக்கும் அண்ணே” என்று லோடு ஏற்றுகிறவர்கள் ஆசையாகச் சொல்வார்கள். பிடிக்கும், காற்று திரும்பாது.

தரையில் எங்கேயும் மூடாத இடம் விடக்கூடாது. கதவுப் பக்கம் இரண்டடி வெற்றிடம் விட்டால் காற்று அதன் வழியாகவே சுளுவாக மேலே போய்த் திரும்பிவிடும், சரக்கு இருக்கிற பக்கம் எட்டிப்பார்க்காது. அந்த இடத்தை அட்டையோ பலகையோ போட்டு அடைத்துவிடுவோம். அட்டைப்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று மூலைக்கு மூலை சரியாக உட்கார வைக்கவேண்டும். கட்டுக்கட்டாகச் செங்கல் மாதிரி மாற்றி மாற்றி அடுக்கினால் பார்க்க உறுதியாகத் தெரியும், ஆனால் அட்டைப்பெட்டியின் பலம் மூலையில்தான். அதோடு மேலும் கீழும் இருக்கிற துளைகள் ஒன்றுக்கொன்று நேராக வராது. ஈரத்தில் நொந்த அட்டை அடியில் நசுங்கினால், காயும் நசுங்கும், துளையும் மூடும்.

செட் பாயிண்ட், அதாவது மெஷினில் வைக்கிற குளிர் அளவு, கேரட்டுக்கு 0 என்று புத்தகம் சொல்லும். நான் 1 போடச் சொல்வேன். கேரட் உறைவது மைனஸ் 1.4 டிகிரி வாக்கில். மெஷினுக்குப் பக்கத்து வரிசையில் காற்று கொஞ்சம் கூடுதலாகக் குளிர்ந்தால் தாங்க இடைவெளி வேண்டாமா? ஈரப்பதம் 95 சதவீதத்துக்கு மேல் கேட்கும் காய் அது, ஆனால் சாதாரண ரீஃபரால் ஈரத்தைக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. அதனால் அட்டைப்பெட்டிக்குள் துளையிட்ட பாலித்தீன் உறை போடுகிறோம். இல்லாவிட்டால் கேரட் தளர்ந்து, வளைத்தால் ரப்பர் மாதிரி வளையும். வெளிக்காற்றுத் துவாரத்தைக் கொஞ்சமாகத் திறந்து வைப்போம். எவ்வளவு என்பதை புக்கிங் தாளிலேயே எழுதிவிடவேண்டும், வாய்ச்சொல்லுக்கு மரியாதை கிடையாது.

புக்கிங் தாள் என்றதும் ஞாபகம் வருகிறது. செட் பாயிண்ட்டில் பிளஸ், மைனஸ் குறியைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடவே கூடாது. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விபத்து இது: மைனஸ் 18 கேட்ட பெட்டி பிளஸ் 18-இல் ஓடும், அல்லது செல்சியஸில் கேட்டதை ஃபாரன்ஹீட்டில் போடுவார்கள். புக்கிங், பெட்டியின் டிஸ்பிளே, பி.எல். (கப்பல் கம்பெனி கொடுக்கிற சரக்கு ரசீது) மூன்றிலும் ஒரே எண், ஒரே குறி.

அடுத்தது கலப்பு லோடு. ஒரே காய் ஒரு பெட்டி முழுக்க வாங்கும் ஆள் குறைவு. “பத்து வகையா போட்டு அனுப்புங்க” என்பார்கள். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், டர்னிப், முள்ளங்கி எல்லாம் ஒரே குளிரில் சேர்ந்து போகும். உருளைக்கிழங்கை அந்தக் குளிரில் போட்டால் மாவு சர்க்கரையாகி இனிக்கும், பொரித்தால் கறுக்கும். பீன்ஸ் 5, 6 டிகிரிக்குக் கீழே போனால் துரு பிடித்த மாதிரி புள்ளி விழும். பூண்டுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளும், ஈரம் ஆகாது. அதன் வாசனையும் மற்றதில் ஏறும். மலை வாழை 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். இதையெல்லாம்விட ஏமாற்றுவது பழம். குன்னூர் பேரிக்காயும் பிளம்ஸும் கேரட் பக்கத்தில் குளிரில் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பழம் விடுகிற எத்திலீன் வாயு பட்டால் கேரட் கசக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அங்கே பொரியல் செய்தவர் வாயில் வைத்த பிறகுதான் தெரியும், அந்த வாங்குபவர் அதற்கப்புறம் நமக்கு போன் எடுக்கமாட்டார்.

இனி ரோடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

பெட்டி வண்டியில் போகும்போது அதற்குக் கரண்ட் கொடுப்பது ஜென்செட். பெட்டியின் முன்பக்கம் மாட்டுகிற அல்லது டிரெய்லரின் அடியில் இருக்கிற டீசல் ஜெனரேட்டர். கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து வாளையார், பாலக்காடு வழியாகக் கொச்சியின் வல்லார்பாடம் துறைமுகம் இருநூறு கிலோமீட்டர் வாக்கில். இரவு கிளம்பினால் விடியலில் சேரும். ஒருமுறை துபாயில் பெட்டியைத் திறந்ததும் வாங்குபவர் வீடியோ அனுப்பினார். உள்பக்கம் சரக்கு புதிதாக இருக்கிறது. கதவுப் பக்கம் நாலைந்து வரிசையில் மட்டும் உறையின் உள்ளே நீர் கோத்து, காயின் மேல் வெள்ளை வேர் முளைத்து, சிலது கொழகொழத்துப் போயிருந்தது. கப்பலில் கரண்ட் போயிருக்கும் என்று அவர் சொன்னார். கதவுப் பக்கத்தில் நாங்கள் வைத்திருந்த, சூட்டைப் பதிவுசெய்கிற லாக்கரை எடுத்து அதன் கிராஃபை அனுப்பச் சொன்னேன்.

அந்த லாக்கர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அட்டைப்பெட்டிக்குள் போட்டு பட்டனை அழுத்திவிட்டால் வழியெல்லாம் சூட்டைப் பதிந்துகொண்டே போகும். கம்ப்யூட்டரில் சொருகினால் பி.டி.எஃப். ஆக வந்துவிடும். கிராஃபில் கோடு 1 டிகிரியிலேயே படுத்துக்கொண்டு வருகிறது. லோடு ஏறிய அதே இரவு, ஒன்றரை மணிக்கு மேல் ஏறத் தொடங்கி, விடிவதற்குள் 7-ஐத் தொட்டு, பிறகு ஒன்றரை நாளில் மெல்ல இறங்கி மறுபடி படுத்துவிட்டது. கப்பல் ஏறியதே அதற்குப் பிறகுதான். டிரைவரிடம் கேட்டேன். “ஏசி ஓடிட்டுத்தான் இருந்துச்சுங்கண்ணா, நான் டீ குடிக்கக்கூட எறங்கல” என்றார். ரீஃபரின் கன்ட்ரோலரே ஒரு பதிவு வைத்திருக்கும், கரண்ட் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு நின்றது எல்லாம் அதில் இருக்கும். கப்பல் கம்பெனியிடம் எழுதிக் கேட்டு அதை வாங்கினோம். அதே நேரம், அதே ஓட்டை.

டிரைவரைத் திட்டிப் பயனில்லை. வண்டிக்காரர்கள் ஜென்செட் டீசலுக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிடுவார்கள், மிஞ்சுவது டிரைவருக்கு. அணைத்துவிட்டு ரோட்டோரம் தூங்கினால் காசும் மிச்சம், சத்தமும் இல்லை. அப்படி ஏற்பாடு செய்துவிட்டு நாணயத்தை எதிர்பார்ப்பது என்ன நியாயம்? ஜென்செட்டில் மணி மீட்டர் இருக்கிறது. இப்போது கிளம்பும்போதும் சேரும்போதும் அந்த மீட்டரை போட்டோ எடுத்து அனுப்பவேண்டும்; ஓடின மணிக்கு டீசல் காசு, அதற்கு மேல் ஒழுங்காகக் கொண்டுசேர்த்ததற்குத் தனியாக ஒரு தொகை. வாளையார் தாண்டியதும் ஒருமுறை, துறைமுக கேட்டில் ஒருமுறை ரீஃபர் டிஸ்பிளேயின் போட்டோ வாட்ஸ்அப்பில் வரவேண்டும். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு ரோட்டில் கோடு ஏறிய கிராஃப் எனக்கு வரவில்லை.

கிராஃப் படிப்பதில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெஷினின் குளிர்க்குழாய்ச் சுருளில் பனி பிடிக்கும், அதைக் கரைக்க அவ்வப்போது மெஷினே தன்னைச் சூடாக்கிக்கொள்ளும், டிஃப்ராஸ்ட். அப்போது காற்றுச் சூட்டில் குட்டிக் குட்டிக் கூர் தெரியும். புது வாங்குபவர் அதைப் பார்த்துவிட்டுத் தள்ளுபடி கேட்பார். கூர் எழுந்து உடனே விழுந்தால் டிஃப்ராஸ்ட். மேடு மாதிரி எழுந்து மணிக்கணக்கில் நின்றால்தான் கவலை.

உறைந்த சரக்கு என் வேலை இல்லை, ஆனால் எங்கள் கட்டடத்திலேயே அடுத்த ரூமில் ஒருவர் தேங்காய்த் துருவல், முருங்கைக்காய், பரோட்டா எல்லாம் ஃப்ரோசனாக அனுப்புகிறார். அவருடைய லோடு எங்களுக்கு நேர் எதிர். உறைந்த சரக்கு மூச்சு விடாது, உள்ளிருந்து சூடு வராது. அதனால் காற்று ஊடாகப் போகவேண்டியதில்லை, சுற்றி ஓடினால் போதும். அட்டைப்பெட்டியில் துளை இருக்காது. நெருக்கி ஒரே கட்டியாக அடுக்குவார்கள். வெளிக்காற்றுத் துவாரத்தை முழுக்க மூடிவிடவேண்டும், திறந்திருந்தால் ஈரக்காற்று உள்ளே வந்து மெஷினின் குளிர்க்குழாய்ச் சுருளில் பனியாகப் படியும். பிளாஸ்ட் ஃப்ரீசரில் மைனஸ் 35 வாக்கில் உறைய வைத்து, மைனஸ் 18-க்குக் கீழே வந்த பிறகே பெட்டிக்குப் போகவேண்டும். எங்களுக்கு இரண்டு மூன்று டிகிரி தவறினால் சரக்கு உறையும், அவருக்கு மைனஸ் 18 மைனஸ் 20 ஆனால் ஒன்றுமில்லை. ஆனால் ஒருமுறை இளகி மறுபடி உறைந்துவிட்டால் பாக்கெட்டுக்குள் பனித்தூள் சேர்ந்து, துருவல் கட்டியாகிக் காட்டிக்கொடுத்துவிடும். “ஊட்டி பட்டாணிய ஃப்ரோசன் பண்ணி அனுப்பலாமே” என்று அவரிடம் கேட்பவர்கள் உண்டு. ஊட்டிப் பட்டாணி பச்சையாக விற்கிற விலைக்கு அதை உறைய வைக்க யாருக்கு மனசு வரும்?

அவருக்கும் எங்களுக்கும் பொது விதி ஒன்று: காலிப் பெட்டியை முன்னதாகவே குளிர வைத்துவிட்டு, மேட்டுப்பாளையத்து வெயிலில் கதவைத் திறந்து லோடு ஏற்றக்கூடாது. வெளியே இருக்கிற ஈரக்காற்று உள்ளே புகுந்து கூரையிலும் சுவரிலும் வேர்த்துக் கொட்டும், அட்டையெல்லாம் நனையும். குளிர் ரூம் வாசலும் பெட்டி வாசலும் காற்று புகாமல் ஒட்டுகிற டாக் இருந்தால் மட்டும் முன்குளிர்ச்சி. இல்லையென்றால் ஏற்றும்போது மெஷினை நிறுத்திவிட்டு, வேகமாக ஏற்றி, கதவைச் சாத்திய பிறகு போடவேண்டும். நாங்கள் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகுதான் லோடு தொடங்குவோம்.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல சி.எச்.ஏ. (சுங்க வேலைகளைப் பார்க்கிற ஏஜென்ட்) கிடைத்துவிட்டால் பாதி அவரே பார்த்துக்கொள்வார். ஏற்றுமதி இறக்குமதி செய்பவருக்கான ஐ.இ.சி. எண், விவசாயப் பொருள் ஏற்றுமதிக்கான மத்திய அரசு அமைப்பான அபேடாவில் பதிவு, காயில் பூச்சி நோய் இல்லை என்கிற பைட்டோ சான்றிதழ், பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ், பிறப்பிடச் சான்று. சரக்கை அடுக்க மரப் பேலட் போட்டால், மரத்தில் பூச்சி இல்லாமல் பதப்படுத்தியதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை வேண்டும்: மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்திருக்கவேண்டும் என்பது அதில் ஒரு முறை. 2016 ஜூலை முதல் பெட்டியின் மொத்த எடையைச் சரிபார்த்துக் கொடுக்காமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள். அட்டைப்பெட்டியில் விளைந்த ஊரையும் மாநிலத்தையும் தெளிவாக அச்சிடுங்கள். 2018-இல் நிபா வைரஸ் காய்ச்சல் வந்தபோது கேரளாவிலிருந்து வரும் பழம், காய்கறிகளுக்கு ஐக்கிய அரபு அமீரகம் தடை போட்டது. நீலகிரிச் சரக்கு கொச்சியில் ஏறுவதனால் இப்படிப்பட்ட சமயத்தில் என்னென்ன கேள்வி வரும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் தூத்துக்குடி வழியையும் எப்போதும் கைவசம் வைத்திருக்கவேண்டும் என்பது என் கருத்து. தூரம் அதிகம், ஜென்செட் டீசல் அதிகம், இருந்தாலும் ஹர்த்தால் அன்றைக்கு அந்தப் பழக்கம் உதவும்.

இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் பாலிசியைப் படிக்கவேண்டும். எல்லா ஆபத்தும் அடங்கும் என்று சொல்கிற பாலிசியில்கூடக் கப்பல் தாமதத்தால் வந்த கெடுதலும், சரக்கு தன் இயல்பால் கெட்டதும் சேராது. மெஷின் பழுதுக்கும் பல பாலிசிகளில் தொடர்ந்து 24 மணி நேரம் நின்றிருந்தால்தான் என்று நிபந்தனை இருக்கும். எங்களுடைய அந்த நாலு மணி நேரக் கதைக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. ஏற்றும்போது எடுத்த உட்சூட்டுக் குறிப்பு இல்லாமல் கிளெய்ம் போட்டால், “நீங்களே சூடாகத்தான் ஏற்றியிருக்கிறீர்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு லோடுக்கும் முன்வரிசை, நடு, கதவுப் பக்கம் மூன்றிலும் காயைக் குத்தி, தெர்மாமீட்டர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைக்கிறோம். கெடுதல் வெளியே தெரியாதது என்றால், சரக்கை எடுத்த 3 நாளுக்குள் கப்பல் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிடவேண்டும். வழக்குப் போட ஓராண்டுக் கெடு. இந்த 3 நாளை அங்கே இருக்கிற வாங்குபவர் தவறவிடுவார், சனி ஞாயிறு என்று. அதனால் பெட்டி ஜெபல் அலியில் இறங்கிய அன்றே நானே போன் போட்டு விரட்டுவேன்.

இத்தனையும் சரியாக இருந்தும் பெட்டி நிறையாமல் போகிற நாள் உண்டு. மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் விலை திடீரென்று ஏறினால், போன வாரம் பேசின விலைக்கு எந்த விவசாயி கொடுப்பார்? “தம்பி, உங்க துபாய்க்காரன் அடுத்த வாரமும் இருப்பான், இந்த வெல இருக்காது” என்று பாலாடாவில் ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரே விலை பேசுவதை விட்டுவிட்டு, பிடுங்குகிற நாளின் மண்டி விலைக்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று கூடுதல் கொடுக்கிற முறைக்கு வந்திருக்கிறோம். ராத்திரியிலேயே பிடுங்கியது, குறைவாகக் கழுவியது, ஒடிசல் இல்லாதது என்ற மூன்றுக்கும்தான் அந்தக் கூடுதல். வாங்குபவருக்கு விலை நிலையாக இல்லாதது பிடிக்கவில்லை. இந்த வாரம் மண்டியில் கேரட் மறுபடி ஏறிக்கிடக்கிறது. அடுத்த பெட்டியில் பீட்ரூட்டையும் முட்டைக்கோஸையும் கூட்டி, கேரட்டைக் குறைத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.